திருச்சபையின் காவல்

பொய்ப் போதனை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருடைய மனக்கண்முன் ஒரு காட்சி எழுவதுண்டு. முன்பின் அறியாத ஒருவன் கையிலே துண்டுப் பிரசுரங்களுடன் வெளியூரிலிருந்து வருகிறான். வீடு வீடாகச் சென்று புதுமையான உபதேசமொன்றைச் சொல்லுகிறான். பேதைகள் சிலர் அவன் பின்னே போகின்றனர். சபையின் மூப்பர்கள் கூடி அவனை வாசலிலே மறித்துவிட்டால் மந்தை பிழைத்துக்கொள்ளும். இக்காட்சி முற்றிலும் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆயினும், திருச்சபையின் நெடிய சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போர்க்கு வேறொன்று புலனாகும். பெருங்கேடு விளைத்த போதனைகளுட் பல சபைக்குள்ளேயே பிறந்தவை. சபையின் பாடல்களைப் பாடி, சபையின் தேர்தல்களிலே வென்று, வாத்திய முழக்கத்தோடு தலைவாசல் வழியாகவே உள்ளே நுழைந்தவை. காவலாளரே கதவைத் திறந்துவிட்டு வணங்கி நின்ற சந்தர்ப்பங்களும் உள.

அத்தகைய சந்தர்ப்பம் ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அது 1933ஆம், 1934ஆம் ஆண்டுகளில் ஜேர்மனி தேசத்திலே நிகழ்ந்தது. இதனைக் கேட்போருள் கிறிஸ்தவரல்லாதாரும் பலர் இருப்பீர்கள். இது பிறர் வீட்டுச் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். அரசாங்கம் ஒன்று ஒரு சமயத்தின் வாயைத் தன் வாயாக ஆக்கிக்கொள்ள முனையும்போது, அச்சமயத்தார் என்ன செய்தல் வேண்டும் என்பது எல்லாச் சமயத்தாரையும் தொடுகின்ற வினாவே.

ஜேர்மனிக்குச் செல்லுமுன் பழைய ரோமாபுரிக்கு ஒருமுறை சென்று வருவோம். இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே மார்சியோன் என்னும் ஒருவர் கருங்கடற் கரையிலுள்ள போந்து நாட்டிலிருந்து அந்நகருக்கு வந்தார். கப்பல்கள் உடைய செல்வர். வந்தவர் ரோமாபுரிச் சபைக்கு இரண்டு லட்சம் செஸ்தர்ஸ் நாணயத்தை நன்கொடையாக அளித்தார். பின்னர் அவர் போதிக்கத் தொடங்கியது யாதெனின், யூதருடைய வேதத்திலே பேசும் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்பதாம். ஆகவே பழைய ஏற்பாடு முழுவதையும் அவர் விலக்கினார். சுவிசேஷங்களில் லூக்கா எழுதியதை மட்டும், அதிலும் யூத வாடை வீசும் பகுதிகளை வெட்டிவிட்டு, ஏற்றுக்கொண்டார். பவுலடியாருடைய கடிதங்களிற் பத்தை வைத்துக்கொண்டார். 144ஆம் ஆண்டிலே ரோமாபுரிச் சபை அவரைப் புறத்தே தள்ளியது. தள்ளியதோடு அவர் கொடுத்த பணத்தையும் குறைவின்றித் திருப்பிக் கொடுத்தது. இச்செய்தியை நான் பெரிதும் மதிக்கிறேன். போதனையைத் தள்ளிவிட்டு அதனோடு வந்த நன்கொடையைப் பெட்டியிலே பூட்டி வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் அக்காலத்துச் சபைக்கு இருக்கவில்லை போலும்!

மார்சியோனைப் பற்றி இங்கே சொன்னமைக்குக் காரணம் உண்டு. அவருடைய கத்தரிக்கோல் பதினெட்டு நூற்றாண்டு கழித்து மீண்டும் வெளிவந்தது.

1933ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் புரட்டஸ்தாந்து மக்கள் நான்கு கோடியளவினர். லூதரன் சபைகள், கல்வின் வழிவந்த சீர்திருத்த சபைகள், இரண்டும் இணைந்த ஐக்கிய சபைகள் என 28 பிராந்தியத் திருச்சபைகளாக அவர்கள் பிரிந்திருந்தனர். முதலாம் உலகப் போரிலே தோற்று, மன்னராட்சியை இழந்து, பண வீக்கத்தாலும் வேலையின்மையாலும் நொந்திருந்த தேசம் அது. அவ்வாண்டு ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, தேவாலயங்களுக்குச் செல்லும் நன்மக்களுள் மிகப் பலர் அதனைக் கடவுளின் செயலென்றே கொண்டாடினர். இதனை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. அக்கொண்டாட்டத்தின் நடுவிலேதான் ‘ஜேர்மன் கிறிஸ்தவர்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட ஓர் இயக்கத்தார் வலிமை பெற்றனர்.

அவர்கள் கிறிஸ்துவை மறுத்தாரல்லர். மறுத்திருந்தால் அவர்களை இனங்காண்பது எளிதாயிருந்திருக்கும். ‘கிறிஸ்துவும் வேண்டும், அவரோடு வேறொன்றும் வேண்டும்’ என்பதே அவர்கள் போதனை. கடவுள் வேதத்திலே பேசியது போலவே ஜேர்மன் இனத்தின் இரத்தத்திலும், மண்ணிலும், அவ்வாண்டிலே நிகழ்ந்த அரசியல் மாற்றத்திலும் பேசுகிறார் என்றனர். இந்தச் சிறிய ‘உம்’ என்னும் விகுதியிலே முழு விஷமும் அடங்கியிருந்தது. இரண்டு குரல்களைக் கேட்கத் தொடங்கும் சபை, நாளடைவில் எது உரத்துப் பேசுகிறதோ அதையே கேட்கும்; உரத்துப் பேசும் வல்லமை எப்போதும் அரசாங்கத்தின் பக்கமே இருக்கும்.

யூலை 23ஆம் திகதி சபைத் தேர்தல்கள் நடைபெற்றன. அதற்கு முதல்நாள் இரவு ஹிட்லரே வானொலியில் உரையாற்றி இவ்வியக்கத்தாருக்கு ஆதரவு கோரினார். வானொலியிலே பேசும் எனக்கு இந்நிகழ்ச்சியை நினைக்குந்தோறும் சற்று நாணம் உண்டாகிறது. கருவி நல்லதுதான், அதன் வாயிலே நிற்பவரைப் பொறுத்தது மற்றெல்லாம். மறுநாள் வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவ்வியக்கத்தாருக்குக் கிடைத்தது. செப்டெம்பர் மாதத்திலே படைக் குருவாயிருந்த லூட்விக் முல்லர் என்பவர் தேசியப் பேராயராகத் தெரிவு செய்யப்பட்டார். தெரிவு நடந்த இடமோ லூதரின் ஊராகிய விற்றன்பேர்க்!

அதே மாதத் தொடக்கத்திலே பிரஷ்ய சபையின் மாமன்றம் கூடியது. பிரதிநிதிகள் பலர் கட்சியின் பழுப்பு நிறச் சீருடையிலேயே வந்து அமர்ந்தமையால் அதற்குப் ‘பழுப்பு மாமன்றம்’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அம்மன்றம் ‘ஆரியர் விதி’யைச் சபைக்குள் கொண்டுவந்தது. யூத வழியிற் பிறந்தவரும், அவ்வாறு பிறந்தவரை மணந்தவரும் சபையிலே குருத்துவப் பதவி வகித்தலாகாது என்பது அவ்விதியின் கருத்து. இதனாற் பாதிக்கப்படும் போதகர்கள் மிகச் சிலரே. ஆகையால் இதனைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று சமாதானம் கூறியோர் இருந்தனர். எண்ணிக்கை இங்கே காரியமன்று. ஞானஸ்நானம் பெற்ற ஒருவனைப் பார்த்து, ‘உன் பாட்டனின் இரத்தம் இன்னது, ஆகவே நீ இங்கே நிற்கத் தகாதவன்’ என்று சபை சொல்லுமாயின், அந்த ஞானஸ்நானத்தின் பொருள் யாது? அந்த நீருக்குப் பயனில்லையென்று சபையே சாட்சி சொன்னதாக அன்றோ முடியும்?

இவ்விதியை எதிர்த்தே பேர்லின் நகரின் டாலம் பகுதிப் போதகராயிருந்த மார்ட்டின் நீமொல்லர் ‘போதகர் அவசர சங்கம்’ ஒன்றை அமைத்தார். இவர் முதலாம் உலகப் போரிலே நீர்மூழ்கிக் கப்பற் தலைவராயிருந்தவர். 1933இல் ஹிட்லரின் கட்சிக்கே வாக்களித்தவர். அவ்வாறான ஒருவர் விழித்தெழுந்ததே பெரிய காரியம். 1934 ஜனவரி அளவில் ஏறக்குறைய 7000 போதகர்கள் அச்சங்கத்திற் சேர்ந்திருந்தனர்.

இதற்கிடையில் 1933 நவம்பர் 13ஆம் திகதி பேர்லின் விளையாட்டு மாளிகையிலே ‘ஜேர்மன் கிறிஸ்தவர்’ நடத்திய பெருங்கூட்டத்தில் 20,000 பேர் திரண்டனர். ரைன்ஹோல்ட் கிறவுசே என்பவர் பேசினார். பழைய ஏற்பாட்டையும் அதன் மாட்டு வியாபாரக் கதைகளையும் நீக்க வேண்டும் என்றார். பவுலடியாரின் யூதச் சாயலுள்ள உபதேசங்களைக் களைய வேண்டும் என்றார். கூட்டம் கரகோஷம் செய்தது. மார்சியோன் உயிர்த்தெழுந்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் தமது நூற்பொருளைக் களவாடிவிட்டார்கள் என்று வழக்குத் தொடுத்திருப்பார். இப்பேச்சு வெளியானதும் அதுவரை மயங்கியிருந்த பலர் அவ்வியக்கத்தை விட்டு விலகினர். பொய்ப் போதனை தன்னை முழுவதும் திறந்து காட்டுவது அபூர்வம். அன்று ஆர்வ மிகுதியாற் காட்டிவிட்டது.

இனி, பார்மனுக்கு வருவோம். பார்மன் என்பது வூப்பர்த்தால் என்னும் தொழில் நகரின் ஒரு பகுதி. அங்குள்ள கெமார்க்கே தேவாலயத்திலே 1934 மே 29 முதல் 31 வரை ஏறத்தாழ 140 பிரதிநிதிகள் கூடினர். லூதரன் சபையாரும், சீர்திருத்த சபையாரும், ஐக்கிய சபையாரும் ஒன்றாய் அமர்ந்தனர். இதன் அருமையை உணர வேண்டுமாயின், 1529ஆம் ஆண்டிலே மார்பேர்க் நகரில் லூதரும் சுவிங்கிலியும் திருவிருந்தின் பொருளைப் பற்றி உடன்படாது பிரிந்ததை நினைத்துக்கொள்ளல் வேண்டும். அன்று பிரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நானூறு ஆண்டின் பின்னர் ஒரே வாக்கைச் சொல்ல முற்பட்டனர்.

அவ்வாக்கின் நகல் அம்மாதத்தின் நடுப்பகுதியிலே பிராங்போர்ட் நகரின் விடுதி ஒன்றில் உருவாயிற்று. மூவர் அப்பணிக்கு நியமிக்கப்பட்டனர். கார்ள் பார்த் என்பவர் சீர்திருத்த சபையைச் சேர்ந்த வேதசாஸ்திரி. ஹான்ஸ் அஸ்முசன், தோமஸ் பிரைற் என்னும் இருவரும் லூதரன்கள். மதிய போசனத்தின் பின் லூதரன்கள் இருவரும் உறங்கிவிட, தாம் மட்டும் கடுங்கோப்பியும் சில பிரேசில் சுருட்டுகளும் துணையாக எழுதி முடித்ததாகப் பார்த் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. லூதரன்கள் இக்கதையை எவ்வளவு தூரம் இரசித்தார்களோ!

அறிக்கையிலே ஆறு பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றும் மூன்று படிகள் கொண்டது. முதலில் வேதவாக்கியம், அடுத்து, அதிலிருந்து சபை கற்றுக்கொள்ளும் உண்மை, இறுதியில், இன்ன பொய்ப் போதனையைத் தள்ளுகிறோம் என்னும் மறுப்பு. இந்த மூன்றாம் படியே அவ்வறிக்கையின் உயிர் என்பது என் கருத்து. முதலிரண்டு படிகளையும் மட்டும் எழுதியிருந்தால் தேசியப் பேராயர் முல்லரும் மகிழ்ச்சியோடு ஒப்பமிட்டிருப்பார். கிறிஸ்துவே சபையின் தலைவர் என்று சொல்வதற்கு அவருக்கு என்ன தடை? ‘ஆம்’ என்பதை எவரும் சொல்லலாம். எதற்கு ‘இல்லை’ என்கிறோம் என்பதைச் சொல்லும்போதே அந்த ‘ஆம்’ எத்தகையது என்பது தெரியவரும். மரியாதையின் பொருட்டு ‘இல்லை’ என்பதை விழுங்கிவிடும் சபை, காவற்காரனை வைத்துக்கொண்டு அவன் வாயைக் கட்டிவிட்ட வீட்டைப் போன்றது.

முதற் பிரிவு யோவான் எழுதிய சுவிசேஷத்தின் 14ஆம், 10ஆம் அதிகாரங்களின் வாக்கியங்களோடு தொடங்குகிறது. கிறிஸ்து ஒருவரே சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய கடவுளின் வார்த்தை என்றும், வேறு சம்பவங்களையோ வல்லமைகளையோ தலைவர்களையோ கடவுளின் வெளிப்பாடாகக் கொள்ளுதல் தகாது என்றும் அது கூறுகிறது. ‘உம்’ என்னும் அந்தச் சிறு விகுதிக்கு இதுவே மறுமொழி. ஐந்தாம் பிரிவு அரசாங்கத்தைப் பற்றியது. நீதியையும் சமாதானத்தையும் காக்கும் பொறுப்பு அரசுக்குக் கடவுளால் அளிக்கப்பட்டது என்பதை அது நன்றியோடு ஏற்கிறது; ஆயின் மனித வாழ்வு முழுவதற்கும் தானே ஒழுங்கு என்று அரசு உரிமை கொண்டாடுதலையும், அவ்வாறே சபை அரசின் உறுப்பாக மாறுதலையும் தள்ளுகிறது. மே 31ஆம் திகதி மாமன்றம் அறிக்கையை ஏகமனதாக ஏற்றது.

எல்லோரும் இதனை வரவேற்றாரல்லர். யூன் மாதத்திலேயே எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற லூதரன் பேராசிரியர்களாகிய வேர்னர் எலேர்ட், பவுல் அல்தவுஸ் முதலியோர் வேறோர் அறிக்கையை அன்ஸ்பாக் நகரிலிருந்து வெளியிட்டனர். குடும்பம், இனம் முதலிய இயற்கை ஒழுங்குகளும் கடவுளின் கட்டளையை உணர்த்துவன என்றும், அத்தகைய தலைவனை அளித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி என்றும் அது பேசியது. இவர்கள் கல்வியறிவற்றவரல்லர், லூதரின் நூல்களைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆகவே படிப்பு ஒன்றே சபையைக் காக்கும் என்று எண்ணுவோர் இதனைச் சிறிது சிந்திக்கலாம்.

மாநாட்டுத் தீர்மானம் தாளிலே இருப்பது. அது கிராமத்துச் சேமக்காலையிலே எவ்வாறு இருந்தது என்பதையும் காண்போம். பார்மன் மாமன்றம் கலைந்து இரண்டு வாரமும் ஆகவில்லை. யூன் 12ஆம் திகதி, ஹுன்ஸ்றுக் மலைநாட்டின் கெமுண்டன் என்னும் ஊரிலே ஹிட்லர் இளைஞர் படையைச் சேர்ந்த ஒரு பையனின் சவ அடக்கம் நடைபெற்றது. நடத்தி வைத்தவர் அயற்கிராமமாகிய டிக்கன்ஷீட்டின் போதகர் பவுல் சினைடர். கட்சியின் அதிகாரி ஒருவர் குழியருகே வந்து, அப்பையன் இப்போது கட்சியின் தியாகியாகிய ஹோர்ஸ்ட் வெஸ்ஸலின் விண்ணுலகப் புயற்படையிலே சேர்ந்துவிட்டான் என்று முழங்கினார். போதகர் சும்மா நின்றிருக்கலாம். துக்க வீடு, பெற்றோர் அழுதுகொண்டு நிற்கின்றனர், ஊரார் முன்னிலை. ‘இந்த வேளையில் வாதம் எதற்கு’ என்று நாமெல்லாம் நினைத்திருப்போம். சினைடரோ, நித்தியத்திலே அப்படியொரு படை உண்டோ என்பது தமக்குத் தெரியாதென்றும், கடவுள் அப்பையனை ஆசீர்வதித்து ஏற்றுக்கொள்வாராக என்றும் சொன்னார். அதிகாரி தம் பேச்சை மீண்டும் சொன்னார். போதகரும் விடவில்லை, இது திருச்சபையின் சடங்கு, இங்கே வேத உபதேசம் தூய்மையாக இருத்தல் வேண்டும் என்று கண்டித்தார். அதற்காக ஒரு வாரம் சிறையிருந்தார்.

துக்கத்தில் இருப்போரிடம் பொய்யான ஆறுதல் எளிதாக விலைபோகும். மரித்த பிள்ளையைக் கடவுளின் கையிலே ஒப்படைப்பதற்குப் பதிலாக ஒரு கட்சியின் பட்டியலிலே சேர்த்துவிடும் ஆறுதல் அது. சினைடர் அன்று காத்தது ஒரு நுண்ணிய கோட்பாட்டையன்று. அத்தாயின் பிள்ளையையே என்று எனக்குத் தோன்றுகிறது.

1937ஆம் ஆண்டில் அரசு அவரை ரைன் மாகாணத்திலிருந்து வெளியேற்றியது. தம் மந்தையைத் தமக்கு அளித்தது அரசாங்கம் அன்று என்று கூறி, அவர் ஒக்டோபரில் அறுவடை நன்றித் திருநாளுக்கு டிக்கன்ஷீட்டுக்குத் திரும்பினார். மீண்டும் கைது செய்யப்பட்டு, நவம்பரில் புகன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1938 ஏப்ரலில், ஹிட்லரின் பிறந்தநாளன்று சுவஸ்திகக் கொடிக்குத் தொப்பியைக் கழற்ற மறுத்தார். அன்றுமுதல் தனியறைச் சிறை. அந்த அறையின் சாளரம் கைதிகள் நாள்தோறும் அணிவகுத்து நிற்கும் திடலை நோக்கியிருந்தது. அதுவே அவருக்குப் பிரசங்க பீடமாயிற்று. கைதிகள் நிற்கும் நேரம் பார்த்து வேதவாக்கியத்தை உரத்துச் சொல்வார். இரண்டொரு வசனம் முடியுமுன் காவலர் அடித்து வீழ்த்துவர். 1939 யூலை 18ஆம் திகதி விஷ ஊசியினாற் கொல்லப்பட்டார். வயது 41. மனைவியும் ஆறு குழந்தைகளும் இருந்தனர்.

பார்த் தம் பேராசிரியர் பதவியை இழந்து 1935இல் தாயகமாகிய சுவிற்சலாந்துக்குச் சென்றார். நீமொல்லர் 1937 யூலை முதலாந் திகதி கைதாகி 1945 வரை சிறையிலும் முகாம்களிலும் இருந்தார். இவையெல்லாம் போற்றத்தக்கனவே. எனினும், நேயர்களே, இவ்வரலாற்றிலே ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய்ப் போதகனாவேன்.

பார்மன் அறிக்கையின் ஆறு பிரிவுகளிலும் யூதர் என்னும் சொல்லே இல்லை.

ஆரியர் விதியை எதிர்த்து எழுந்தவர்கள், தம் சபைக்குள் இருந்த யூத வழிவந்த போதகர்களுக்காக எழுந்தார்கள். வெளியே கடைகள் பகிஷ்கரிக்கப்பட்ட, உத்தியோகம் பறிக்கப்பட்ட யூத மக்களுக்காக ஒரு சபையாக வாய் திறந்தாரில்லை. 1936ஆம் ஆண்டிலே அவர்களுட் சிலர் ஹிட்லருக்கு ஒரு மனு எழுதி, யூதப் பகைமையையும் வதைமுகாம்களையும் கண்டித்தனர். அம்மனு பிறநாட்டுப் பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. அதன் பொருட்டுக் கைது செய்யப்பட்டவர்களுள் யூத வழியிற் பிறந்த கிறிஸ்தவ வழக்கறிஞராகிய பிரீட்றிக் வைஸ்லர் ஒருவர். 1937 பெப்ரவரியில் சக்சன்ஹவுசன் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் ஒரு வாரத்துக்குள் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் ஊழியஞ் செய்த சபைத் தலைமையோ அவரைக் கைவிட்டிருந்தது. 1938 நவம்பரில் நாடெங்கும் யூத ஆலயங்கள் எரிந்தபோது பெரும்பாலான பிரசங்க பீடங்கள் மௌனஞ் சாதித்தன.

அந்த மௌனத்திலே மார்சியோனின் கத்தரிக்கோல் தன் வேலையை முடித்தது. 1939 மே மாதத்திலே ஐசனாக் நகரில், ஜேர்மன் சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை நீக்குவதற்கென ஒரு நிறுவகம் திறக்கப்பட்டது. அதன் அறிவுத்துறைத் தலைவர் வால்டர் குருண்ட்மன் என்னும் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். 1940இல் யூதச் சாயல் களையப்பட்ட புதிய ஏற்பாடு ஒன்றை அந்நிறுவகம் அச்சிட்டது. லூதர் வேதாகமத்தைத் தம் மொழியிலே பெயர்க்கத் தொடங்கிய வார்ட்பேர்க் கோட்டை அந்த ஊரிலேயே உள்ளது!

கார்ள் பார்த் 1967ஆம் ஆண்டில், பொன்ஹோபரின் வரலாற்றை எழுதிய எபர்ஹாட் பெத்கே என்பவருக்கு ஒரு கடிதம் வரைந்தார். பார்மன் நகலிலே யூதர் பிரச்சினையைத் தீர்க்கமான ஒன்றாக முன்வைக்கத் தவறியது தமது குற்றமே என்று அதிலே ஒப்புக்கொண்டார். முன்வைத்திருந்தால் 1934இன் அம்மாமன்றம் அதனை ஏற்றிராது என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் முயலாமை குற்றமே என்றார். எண்பத்தொரு வயதிலே, உலகம் புகழும் ஓர் அறிக்கையை எழுதிய கையினாலேயே, அதன் குறையையும் எழுதுவதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்! அந்தக் கடிதத்தையும் அறிக்கையோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பேன்.

இன்று ஜேர்மனியின் பல திருச்சபைகளிலே பாட்டுப் புத்தகத்தின் பிற்பகுதியில் பார்மன் அறிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. போதகராக அபிஷேகம் பெறுவோர் பல இடங்களில் அதனையும் ஏற்றே பணி தொடங்குகின்றனர். கெமார்க்கே தேவாலயம் போரிலே எரிந்து, பின்னர் மீளக் கட்டப்பட்டது. அந்நகரின் யூத ஆலயம் 1938இல் எரிக்கப்பட்டதன் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வேறொன்று எழும்பவில்லை. 2002ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே புதிய யூத ஆலயம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. அது கட்டப்பட்டிருக்கும் நிலம் கெமார்க்கே திருச்சபை வழங்கியது. இரண்டு ஆலயங்களும் இப்போது பக்கம் பக்கமாக நிற்கின்றன.